பேசாத எழுத்துகள்: பிரெஞ்சு வினைச்சொல்லுக்குள் பழைய அசைகள்

பிரெஞ்சில் 'கதைத்தல்' என்பதற்கு 'பர்லே' என்று பெயர். நான் கதைக்கிறேன் – ஜ பர்ல். நீ கதைக்கிறாய் – து பர்ல். அவன் கதைக்கிறான் – இல் பர்ல். அவர்கள் கதைக்கிறார்கள் – அதுவும் இல் பர்ல் தான். காதுக்கு நாலும் ஒரே 'பர்ல்'. கொப்பியைத் திறந்தால் கதை வேறு. 'நான்', 'அவன்' இரண்டுக்கும் கடைசியில் ஒரு 'ஈ' எழுத வேண்டும். 'நீ'க்கு அந்த 'ஈ'யோடு ஒரு 'எஸ்'. 'அவர்கள்' என்றால் 'ஈ-என்-ரீ' என்று மூன்று எழுத்து. (எழுத்துகளின் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரியே இங்கே சொல்கிறோம்.) எழுதி முடித்த பிறகு அவற்றை அப்படியே விழுங்கிவிட வேண்டும்.

லாச்சப்பல் பக்கம் கடையிலும், உணவகக் குசினியிலும் காதால் பிரெஞ்சு பிடித்த எங்கட சனத்துக்கு இது பெரிய தலையிடி. வாய் சரளமாக ஓடும், பேனை நின்றுவிடும். 'பிரெஞ்சுக்காரருக்கு விசர்' எண்டு சொல்லிவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். நாங்கள் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம். விசர் இல்லை. அந்த ஒவ்வொரு எழுத்தும் ஒரு காலத்தில் வாயால் சொல்லப்பட்டது. ஒலி செத்தபின்னும் எழுத்தை வைத்திருந்தது தற்செயலும் இல்லை. யார் யாரோ கூடி எடுத்த முடிவு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாக விளங்கும்.

முதலில் தமிழ்க் காதுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம். நாங்கள் 'வாறன்' என்று சொன்னாலே போதும், 'நான்' தேவையில்லை. வாறன், வாறாய், வாறான், வருகினம் – யார் வருவது என்பதை வால் சொல்லிவிடும். எழுத்துத் தமிழில் இருக்கிற 'வருகிறேன்' பேச்சில் எவ்வளவு தேய்ந்தாலும் வாலில் இருக்கிற ஆளைத் தேய விடவில்லை. பிரெஞ்சு அதைத் தேய விட்டுவிட்டது. அதனால் 'ஜ', 'து', 'இல்' என்று முன்னுக்கு ஒரு சொல் இல்லாமல் அங்கே ஒரு வினையும் நடமாட முடியாது. லத்தீன் எங்களைப் போலத்தான் இருந்தது. 'ஆமாத்' என்றாலே 'அவன் நேசிக்கிறான்', 'ஆமான்த்' என்றாலே 'அவர்கள் நேசிக்கிறார்கள்'. லத்தீனின் பிள்ளைகளான இத்தாலியமும் ஸ்பானியமும் இன்றைக்கும் அப்படித்தான். பிரெஞ்சு மட்டும் ஏன் வழி மாறியது?

பதில் அசையில் இருக்கிறது. யாப்பில் படித்த நேரசை, நிரையசையை ஒருபக்கம் வையுங்கள். இங்கே அசை என்பது ஒரு தட்டில் வாயிலிருந்து வருகிற ஒலிக்கூட்டம். 'அம்-மா' இரண்டு, 'ம-ரம்' இரண்டு. இதில் ஒரு வேறுபாடு முக்கியம். 'ம' உயிரில் முடிகிறது, அது திறந்த அசை. 'அம்' மெய்யில் முடிகிறது, அது மூடிய அசை. லத்தீனும் இதே கணக்குத்தான். இரண்டு உயிருக்கு நடுவில் ஒரு மெய் வந்தால் அது அடுத்த அசைக்குப் போகும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றாகப் பிரியும்.

இப்ப இரண்டு வினையை எடுப்போம். 'தூங்குகிறான்' லத்தீனில் 'தோர்மித்'. 'சாகிறான்' பேச்சு லத்தீனில் 'மோரித்'. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில். இரண்டிலும் அதே ஓகாரம். ஆனால் பிரித்துப் பாருங்கள்: தோர்-மித், மோ-ரித். முதலாவதில் ஓகாரத்துக்குப் பின்னால் கதவு மூடி இருக்கிறது. இரண்டாவதில் திறந்து கிடக்கிறது. ரோமப் பேரரசு உடைந்த பிறகு வந்த சில நூற்றாண்டுகளில், இன்றைய வட பிரான்ஸ் பக்கத்துப் பேச்சில் ஒரு மாற்றம் நடந்தது. அழுத்தம் விழுந்த திறந்த அசைகளில் உயிர் நீண்டு, நீண்டது இரண்டாக உடைந்து, பிறகு வேறு உயிராக ஒடுங்கியது. மூடிய அசைகளில் உயிர் அசையவில்லை. அங்கே குடியேறி ஆட்சி பிடித்த பிராங்குகளின் அழுத்தமான பேச்சுப் பழக்கம்தான் இதற்குக் காரணம் என்று பல மொழியியலாளர் சொல்கிறார்கள், எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் எதுவோ, விளைவு தெளிவு. இன்றைக்குத் தூங்குகிறவன் 'தோர்', சாகிறவன் 'மேர்'.

'நாங்கள்' என்று வரும்போது லத்தீனில் அழுத்தம் பின்னுக்குப் போய்விடும். அதனால் அடிச்சொல்லில் இருந்த ஓகாரம் உடையாமல் தப்பி, 'ஊ'வாக ஒடுங்கியது. ஆகவே அவன் சாகிறான் 'இல் மேர்', நாங்கள் சாகிறோம் 'நூ மூரோன்'. தூங்குவதில் இந்தச் சிக்கல் இல்லை: 'இல் தோர்', 'நூ தோர்மோன்'. ஏகாரத்திலும் இதே நாடகம் நடந்தது. வருகிறான் என்ற 'வே-நித்' திறந்த அசை, அது 'வியேன்' ஆனது. 'நாங்கள்' என்றால் 'வெனோன்'. இழக்கிறான் என்ற 'பெர்-தித்' மூடிய அசை, அது 'பெர்' என்றே நின்றது. 'நாங்கள்' என்றால் 'பெர்தோன்'. இப்படியே 'அவன் செய்ய வேண்டும்' என்பது 'துவா', 'நாங்கள் செய்ய வேண்டும்' என்பது 'தெவோன்'.

இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'ஒழுங்கற்ற வினைகள்' என்று ஒரு அட்டவணை இருக்கும். ரியூசனில் மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்கிற அந்த அட்டவணையின் பெரும்பகுதி இதுதான். ஆயிரத்து முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மெய்யெழுத்து அசையின் எந்தப் பக்கம் போய் இருந்தது என்ற கேள்விக்கான பதில். ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்பது எங்களுக்குச் சரியான சொல்லாகத் தெரியவில்லை. ஒழுங்கு புதைந்து கிடக்கிறது என்று சொல்லலாம்.

சரி, அப்படியானால் எல்லா வினையும் இப்படிக் குதித்திருக்க வேண்டுமே? குதித்தன. பழைய பிரெஞ்சில் 'நான் நேசிக்கிறேன்' என்பது 'எம்' பக்கம் இருந்தது, 'நாங்கள் நேசிக்கிறோம்' என்பது 'அமோன்' பக்கம் இருந்தது. பிறகு சனம் ஒரே அடிச்சொல்லை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டது. இன்றைக்கு 'நூ எமோன்' தான். ஆனால் காதலர் என்று பொருள்படும் 'அமான்' என்ற சொல்லில் பழைய அகரம் தங்கி இருக்கிறது. அது ஒரு காலத்தில் அந்த வினையின் எச்சமாக இருந்த வடிவம். 'பர்லே'யும் அப்படித்தான். ஒருகாலம் 'நான் கதைக்கிறேன்' என்பதற்கு 'பரோல்' பக்கமாக ஒரு வடிவமும், 'நாங்கள்' என்பதற்கு 'பர்லோன்' என்ற வடிவமும் இருந்தன. முதலாவது தோற்றது, 'பர்ல்' வந்தது. 'பரோல்' என்பது 'வாக்கு' என்ற பெயர்ச்சொல்லாக மட்டும் வாழ்கிறது. சிறையிலிருந்து கைதியைப் பரோலில் விடுகிறார்கள் என்று எங்கட பேப்பர்களில் வருகிற சொல்லும் அதுதான், தப்பி ஓட மாட்டேன் என்று கொடுக்கிற வாக்கு. 'கண்டுபிடிக்கிறேன்' என்பதற்கு இன்றைக்கு 'த்ரூவ்' என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் மொலியேர் எழுதிய நாடகங்களில் பழைய 'த்ரேவ்' இன்னும் தலைகாட்டுகிறது. அதிகம் புழங்கிய வினைகள் பழைய குதிப்பை வைத்துக்கொண்டன, மற்றவை சமமாகிவிட்டன. வருவதும் சாவதும் வேண்டியிருப்பதும் எல்லா நாளும் வாயில் வருகிற சொற்கள்தானே.

இனி அந்த விழுங்கப்படும் வாலுக்கு வருவோம். அழுத்தம் முன்னுக்குப் பலமாக விழ விழ, பின்னுக்கு இருந்த அசைகள் வாடிப்போயின. கடைசி அசையில் இருந்த உயிர்களில் 'ஆ' மட்டும் ஒரு மங்கலான எகரமாகத் தப்பியது. மற்றவை பெரும்பாலும் அப்படியே போய்விட்டன. 'ஆமாத்' இல் கடைசியில் ஆகாரம் இருந்தது, அதனால் இன்றைக்கு எழுத்தில் ஒரு 'ஈ' இருக்கிறது. 'தோர்மித்' இல் இகரம் இருந்தது, அது தடம் தெரியாமல் போனது, 'தோர்' எழுத்தில் 'ஈ' இல்லை. 842 இல் சார்லமேனின் இரண்டு பேரர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டார்கள். மற்றவரின் படைக்கு விளங்க வேண்டும் என்று ஆளாளுக்கு அடுத்தவர் பக்கத்து மொழியில் சொன்னார்கள். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்று என்று அதைத்தான் சொல்வார்கள். அதில் படர்க்கை வினைகள் 'த்' என்று முடிகின்றன. 12ஆம் நூற்றாண்டு ஆகும்போது, உயிருக்குப் பின்னால் வந்த அந்த 'த்' வாயிலிருந்து போய்விட்டது.

பன்மையில் வருகிற 'ஈ-என்-ரீ' மூன்றும் மூன்று கல்வெட்டு. 'ஈ' பழைய ஆகாரத்தின் மிச்சம். 'என்' பன்மை. 'ரீ' படர்க்கை. பழைய பிரெஞ்சில் இவை ஒலித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன: முதலில் 'ன்', பிறகு 'த்', கடைசியாக 'எ'. இதில் ஒரு வேடிக்கை, 'நான்' வடிவத்தில் இருக்கிற 'ஈ' கல்வெட்டே இல்லை. ஆதியில் அது அங்கே இருக்கவில்லை, மற்ற வடிவங்களைப் பார்த்துப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 'நான் தூங்குகிறேன்' என்பதன் கடைசியில் எழுதும் 'எஸ்'ஸும் அப்படி வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் எதுகை வேண்டுமென்றால் 'நான் பார்க்கிறேன்' என்பதை 'எஸ்' இல்லாமல் எழுதித் தப்பித்தார்கள்.

எது எப்போது செத்தது என்று எப்படித் தெரியும்? தாய்மொழிக்காரர் தங்கட வாயைப் பற்றி எழுதுவது குறைவு. வெளியில் இருந்து படிக்க வந்தவருக்குத்தான் அது தேவைப்படும். 1530 இல் லண்டனில் ஜோன் பால்ஸ்கிரேவ் என்ற ஆங்கிலேயர் பிரெஞ்சு படிப்பதற்கு ஒரு பெரிய புத்தகம் போட்டார், ஆங்கிலத்தில். எட்டாம் ஹென்றியின் தங்கை மேரிக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் அவர். மேரி 1514 இல் பிரெஞ்சு மன்னன் பன்னிரண்டாம் லூயியைக் கலியாணம் செய்து போனவள். பன்மை வினைகளின் கடைசியில் வருகிற 'என்' ஒலிக்காது என்று அவர் ஆங்கிலேயருக்குச் சொல்லிவைக்கிறார். கலியாணம் கட்டிப் போகிற பெண்ணுக்கு மொழி சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார் இல்லாவிட்டால், இந்த வரலாற்றில் பல பக்கம் காலியாக இருந்திருக்கும். இன்றைக்கு ஐரோப்பாவுக்குக் கலியாணம் கட்டிப் போகிற எங்கட அக்காமாரும் கொப்பியின் ஓரத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கிறார்கள். அதுவும் சான்றுதான், யாரும் சேர்த்துவைக்கவில்லை.

அந்த 16ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தைத் திருத்த ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. அச்சு வந்துவிட்டது. 1539 இல் வில்லேர்-கொத்ரே ஆணை நீதிமன்ற ஆவணங்களில் லத்தீனை அகற்றிப் பிரெஞ்சைக் கொண்டுவந்தது. லியோனைச் சேர்ந்த லூயி மெக்ரே, 1542 இல் ஒரு நூல் எழுதி, வாய் சொல்வதைத்தான் கை எழுத வேண்டும் என்று கேட்டார். 1550 இல் தன் சொந்த எழுத்துமுறையிலேயே ஒரு இலக்கணமும் போட்டார், பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட முதல் பிரெஞ்சு இலக்கணம் அது. அதே வருடம் ஜாக் பெலத்தியேயும் அதே கொள்கையோடு வந்தார். இரண்டு பேரும் கை கோர்த்திருக்க வேண்டும். சண்டை பிடித்தார்கள். லியோன்காரருக்கு ஒரு உச்சரிப்பு, லு மான்காரருக்கு இன்னொரு உச்சரிப்பு. வாய் சொல்வதை எழுதுவது எண்டா, யாருடைய வாய்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் ஒலிவழி எழுத்துக்காரர் தோற்றார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் மூன்றிலும் பேசுகிறபடி எழுதுவோம் என்று தொடங்கினால் எங்களுக்கும் அதே சண்டைதான் வரும். அச்சகக்காரர் பக்கத்தில் ரொபேர் எத்தியென் போன்றவர்கள் லத்தீன் வேரைக் காட்டும் எழுத்தை விரும்பினார்கள். ஈய எழுத்துகளை வைத்திருந்தவர்கள் அவர்கள், வென்றதும் அவர்கள்.

அதுவரை இதை வசதி, பழக்கம், அறிஞர் சண்டை என்று சொல்லலாம். 1673 இல் இது வேறு ஒன்றாக மாறியது. 1635 இல் ரிஷலியோ தொடங்கிவைத்த பிரெஞ்சு அகாதமி தன் முதல் அகராதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. எழுத்துமுறை பற்றிய குறிப்புகளை எழுதும் வேலை மெஸரே என்ற வரலாற்றாசிரியரிடம் போனது. அவர் எழுதிவைத்ததன் சாரம் இது: படித்தவர்களை அறிவில்லாதவர்களிடமிருந்தும், சாதாரணப் பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிற பழைய எழுத்துமுறையையே அகாதமி விரும்புகிறது. சுற்றி வளைக்கவே இல்லை. எழுத்து கஷ்டமாக இருப்பது குறை அல்ல, அதுதான் அதன் பயன் என்று நேராகச் சொல்லிவிட்டார். நாங்கள் இதை முதலில் வாசித்தபோது இரண்டு தரம் திரும்பப் பார்த்தோம்.

'சாதாரணப் பெண்கள்' சும்மா வந்த சொல் இல்லை. 1660களின் தொடக்கத்தில் சோமேஸ் என்பவர் பரிஸ் வரவேற்பறைகளில் கூடிய படித்த பெண்களைப் பற்றி ஒரு அகராதி போட்டார், பாதி நக்கல். அந்தப் பெண்கள் ஒலிக்காத எழுத்துகளை வெட்டிவிட்டு எழுத வேண்டும் என்று சொன்னதாக ஒரு பட்டியலும் அதில் இருக்கிறது. 'தலை' என்ற சொல்லில் ஒலிக்காமல் கிடந்த 'எஸ்'ஸை எடுத்துவிடு, 'ஆசிரியர்' என்பதில் கிடந்த 'எச்'சை எடுத்துவிடு என்ற மாதிரி. சிரித்தார்கள். 1740 இல் அகாதமியின் மூன்றாம் பதிப்பு ஆயிரக்கணக்கான சொற்களில் எழுத்தைத் திருத்தியபோது அப்படியான ஒலிக்காத 'எஸ்'கள் போய்விட்டன. பெண்களின் பெயரை யாரும் சொல்லவில்லை.

வினைகளின் வாலைத் தொடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு தரம் தொட்டார்கள், அதற்கும் இருநூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. 'கதைத்துக்கொண்டிருந்தான்' என்ற இறந்தகாலத்தின் கடைசியில் 'ஓ-ஐ-ரீ' என்று எழுதினார்கள். ஆதியில் அது 'வெ' போல ஒலித்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே அரசவையில் பலர் வெறும் 'எ' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இது இத்தாலியரைப் பார்த்துப் பிடித்த பகட்டு என்று ஆன்றி எத்தியென் 1578 இல் திட்டி எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் வோல்தேர் 'ஓ-ஐ'யை 'ஏ-ஐ' ஆக்கு என்று விடாமல் கேட்டார், தன் நூல்களில் அப்படியே எழுதினார். அகாதமி ஒத்துக்கொண்டது 1835 இல். வோல்தேர் செத்து 57 வருடம். பழைய எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். 'கொனசர்' என்று ரசனைக்காரரைச் சொல்கிற ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழைய 'ஓ-ஐ' இன்னும் கிடக்கிறது.

ஒலி செத்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒரு இடத்தில் அது முழுதாகச் சாகவில்லை, பாட்டிலும் செய்யுளிலும். 'ஃபிரேர் ஜாக்' என்ற குழந்தைப் பாட்டின் பெயரைச் சும்மா சொன்னால் இரண்டு அசை. பாடும்போது நாலு. ராசீனின் நாடகங்கள் பெரும்பாலும் பன்னிரண்டு அசை வரிகளில் ஓடுகின்றன. அந்தக் கணக்கில், மெய்க்கு முன்னால் வந்தால் 'ஈ' ஒரு அசையாக எண்ணப்படும். உயிருக்கு முன்னால் வந்தால் மறைந்துவிடும். தமிழ் படித்த பிள்ளைக்கு இது புதிது இல்லை. வீடு + இல்லை = வீடில்லை. குற்றியலுகரம் உயிரைக் கண்டால் ஓடிவிடும், மெய்யைக் கண்டால் அரைகுறையாக நிற்கும். யாப்பில் சீரும் தளையும் கெடுகிற இடத்தில் குற்றியலுகரம் அலகு பெறாது என்று காரிகை சலுகை கொடுப்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாதி உயிரை என்ன செய்வது என்ற பிரச்சினை எங்கட புலவர்களுக்கும் இருந்தது.

பிரெஞ்சுச் செய்யுளில் இதனால் ஒரு வடிவான காரியம் நடக்கிறது. 'அவன் ...இடம் கதைக்கிறான்' என்றால் இல்-பர்-லா, மூன்று அசை. 'அவர்கள் ...இடம் கதைக்கிறார்கள்' என்றால் அந்தக் கடைசி 'ரீ' குறுக்கே நின்று மறைவைத் தடுக்கும்: இல்-பர்-லெ-தா, நாலு அசை. தெருவில் காணாமல் போன ஒருமை-பன்மை வேறுபாடு மேடையில் ஒரு முழு அசையாக எழும்பி நிற்கிறது. தெற்கே மார்செய் பக்கம் போனால் மேடையே தேவையில்லை. அங்கே சாதாரணப் பேச்சிலேயே 'பர்-லெ' என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். அவர்களின் பழைய மொழியான ஒக்சித்தானில் கடைசி உயிர்கள் ஒலிக்கும், பிரெஞ்சை எடுத்தபோது அந்தப் பழக்கத்தோடு எடுத்தார்கள். அதற்காகப் பரிஸில் அவர்களை நக்கலடிப்பதும் உண்டு. இத்தனைக்கும் எழுத்துக்கு விசுவாசமாக இருப்பவர்கள் அவர்கள்தான்.

எழுத்தில் அசை மாற்றம் வெளிப்படையாகத் தெரிகிற ஒரு இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 'விட்டுக்கொடுத்தல்' என்ற 'ஸேதே'. 'நாங்கள்' என்றால் ஸே-தோன். முதல் அசை திறந்தது, ஏகாரம் ஒடுங்கி ஒலிக்கும், எழுத்தின் தலையில் வலப்பக்கம் சாய்ந்த கோடு. 'நான்' என்றால் கடைசி 'ஈ' ஒலிக்காது, 'த்' திரும்பி முன் அசையில் ஏறி அதை மூடிவிடும்: ஸெத். வாய் அகன்ற எகரம், இடப்பக்கம் சாய்ந்த கோடு. இவ்வளவும் ஒழுங்கு. எதிர்காலத்தில்தான் குழப்பம். ஸெத்-ரா என்று மூடிய அசையாகச் சொல்வார்கள், ஆனால் எழுத்தில் திறந்த அசைக்குரிய கோடு கிடந்தது, நடுவில் இருக்கிற 'ஈ' ஒலித்த காலத்தின் நினைவாக. 1990 டிசம்பர் 6 அன்று அரச வர்த்தமானியில் வந்த திருத்தங்கள் அந்தக் கோட்டைத் திருப்பச் சொன்னன. கட்டாயம் இல்லை, பரிந்துரை மட்டும். 26 வருடம் கழித்து, 2016 இல், பாடப்புத்தகங்கள் அந்தத் திருத்தங்களைப் பின்பற்றப் போகின்றன என்று செய்தி வந்ததும் இணையத்தில் பெரிய கூத்து. கூரை போன்ற ஒரு குறியைக் காப்பாற்ற ஹாஷ்டேக் போட்டுச் சனம் அழுதது. கோடு திரும்புவது யாருக்கும் நட்டம் இல்லை. படித்துப் பாஸ் பண்ணிய கஷ்டம் வீணாகப் போகிறதே என்ற கோபம் அது என்றுதான் எங்களுக்குப் பட்டது.

கஷ்டம் பொய் இல்லை. 'கதைக்க', 'கதைத்த', 'கதையுங்கள்' மூன்றும் காதுக்கு 'பர்லே' தான். எழுத்தில் 'ஈ-ஆர்', தலையில் கோடு போட்ட 'ஈ', 'ஈ-இசட்'. அந்த 'ஆர்' ஒலித்த காலம் உண்டு. 1647 இல் வோஷ்லா என்ற இலக்கணக்காரர், பேச்சில் அதைச் சொல்லாத ஆட்கள் உரக்க வாசிக்கும்போது மட்டும் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறார். கொர்னேயும் ராசீனும் 'ஈ-ஆர்' என்று முடிகிற வினைகளை 'ஆர்' ஒலிக்கிற சொற்களுடன் எதுகையாகக் கட்டியிருக்கிறார்கள், கண்ணுக்கு மட்டும் பொருந்தும் எதுகை. இன்றைக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'விற்றல்' என்ற வினையைப் போட்டுப் பார். 'விற்க' என்று பொருந்தினால் 'ஈ-ஆர்', 'விற்ற' என்று பொருந்தினால் கோடு. சொந்த மொழியில் ஒரு சொல்லை எழுத இன்னொரு சொல்லின் உதவி வேண்டும். 1857 இல் மூன்றாம் நெப்போலியனின் அரசவையில் எழுத்தாளர் மெரிமே ஒரு சொல்வதெழுதல் வைத்தார். மன்னனுக்கு 75 பிழை, ஒஸ்திரியரான மெத்தர்னிக்குக்கு 3 பிழை என்று ஒரு கதை சொல்வார்கள். எண்கள் கூடக் குறைய இருக்கலாம். புத்தகத்தால் படித்த வெளியாள் காதால் படித்த மன்னனை வென்றான் என்பது நம்பக்கூடியதுதான்.

எங்கட சனம் மெத்தர்னிக் மாதிரி வரவில்லை, மன்னனைப் போலக் காதால் படித்தவர்கள், மன்னனின் வசதி மட்டும் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு முன்பு பேச்சைத்தான் பார்த்தார்கள். 2020 இலிருந்து எழுத்திலும் பி1 தரம் காட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024 சனவரிச் சட்டம் அதை பி2 ஆக உயர்த்தியது, 2026 தொடக்கத்திலிருந்து நடைமுறை. இருபது வருடமாக 'இல் பர்ல்' என்று பிழையில்லாமல் சொல்லி வேலை செய்த ஒரு அண்ணா, 9ஆம் நூற்றாண்டில் ஒலித்த ஒரு 'த்'தை, 16ஆம் நூற்றாண்டில் செத்துப்போயிருந்த ஒரு 'ன்'னைத் தாளில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிழை. மெஸரே நினைத்த வேலையை அந்த எழுத்துகள் இன்னும் செய்கின்றன, ஆட்கள் மட்டும் மாறிவிட்டார்கள். சோதனை வைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எதைச் சோதிக்கிறோம் என்று தெரிந்து வைக்கலாம் என்கிறோம்.

இதற்கிடையில் பேச்சு தன்பாட்டில் வேறு வழி பார்த்துக்கொண்டது. 'நாங்கள் கதைக்கிறோம்' என்பதற்கு இப்ப பெரும்பாலும் 'ஓன் பர்ல்' என்பார்கள். 'பர்லோன்' எழுத்துக்கும் மேடைப்பேச்சுக்கும் போய்விட்டது. 'நீங்கள்' ஒன்றைத் தவிர எல்லா ஆளுக்கும் ஒரே 'பர்ல்'. ஆள் யார், எத்தனை பேர் என்ற கணக்கு வினையின் வாலிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது. உயிரில் தொடங்கும் வினையில் அது நன்றாகக் கேட்கும். 'அவன் நேசிக்கிறான்' என்பதைப் பிரித்தால் இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால், 'இல்' என்ற சொல்லின் பன்மைக்காக எழுதும் ஒலிக்காத 'எஸ்' உயிரைக் கண்டு விழித்து, தேனீ இரைகிற மாதிரி ஒரு 'ஸ்' ஆகி, வினையின் அசைக்குள் போய் உட்காரும்: இல்-ஸெம். அவசரப் பேச்சில் 'ல்'லும் விழுந்துவிடும், அப்போது மிஞ்சுவது இ-ஸெம். ஒருமைக்கு 'ல', பன்மைக்கு 'ஸ', அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பிழையில்லாமல் சொல்ல லாச்சப்பல் பெடியளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.